கட்டுரை எழுதுபவர் டெக்னிக்கல் ரைட்டர் ஆக முடியுமா?

இன்ஜினியரிங் படிக்கவில்லை, வெப்சைட்டுகளுக்குக் கட்டுரை எழுதுகிறேன், டெக்னிக்கல் ரைட்டிங் பக்கம் வரலாமா, கோடிங் தெரிந்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரலாம். ஒரு மென்பொருளையோ இயந்திரத்தையோ எப்படிப் பயன்படுத்துவது என்று உதவிப் பக்கம், கையேடு எழுதித் தருவதுதான் இந்த வேலை. நானும் பத்திரிகை, விளம்பரம் என்று எழுதிவிட்டு, சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இந்த வேலைக்கு வந்தவன்தான்.

முதலில் மாற வேண்டியது, படிப்பவரைப் பற்றிய நம் எண்ணம். கட்டுரையை ஒருவர் விரும்பிப் படிக்கிறார். உதவிப் பக்கத்துக்கு வருபவரோ வேலை பாதியில் நின்றுபோன எரிச்சலில் வருகிறார். அடுத்து எதை அழுத்த வேண்டும் என்று தெரிந்தால் அவருக்குப் போதும். கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வராமல் பார்த்துக்கொள்வோம் அல்லவா, இங்கே அது ஆகாது. ஒரு வரியில் ‘அக்கவுன்ட்’, அடுத்த வரியில் ‘புரொஃபைல்’ என்றால் இரண்டும் வேறு வேறு என்றே அவர் நினைப்பார். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. செய்முறை சொல்லும் வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது என்கிறது அது. மெக்கானிக் ஒரு வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்தக் கண்டிப்பு நியாயம் என்று தெரியும்.

எழுதுவதைவிட விசாரிப்பதற்கும் செய்து பார்ப்பதற்கும்தான் நேரம் அதிகம் போகும். டெவலப்பருக்குக் கைப்பழக்கமாகிவிட்ட ஸ்டெப்பை அவர் சொல்லவே மாட்டார். அட்மின் அனுமதி வேண்டும், முதலில் டோக்கன் (உள்ளே நுழைய உதவும் ரகசியக் குறியீடு) உருவாக்க வேண்டும் என்பதெல்லாம் நீங்களே இன்ஸ்டால் செய்யும்போதுதான் தெரியவரும். பேட்டி எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த விசாரணை நன்றாகவே வரும்.

கோடிங்? படித்தால் புரிகிற அளவு போதும். மார்க்டவுன் (தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டி எழுதும் முறை), கொஞ்சம் எச்டிஎம்எல், கிட் (கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி). ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி, பற்றி எழுத ஆசை இருந்தால், அதைச் சோதிக்க உதவும் போஸ்ட்மேன் என்ற செயலியில் ரிக்வெஸ்ட் அனுப்பி, பதிலாக வருகிற ஜேசன் வடிவத் தரவைப் படிக்கப் பழகுங்கள். மேட்கேப் ஃபிளேர் போன்ற கையேடு தயாரிக்கும் மென்பொருள்களை வேலையில் சேர்ந்த பிறகு கற்கலாம்.

கோர்ஸுக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம். பழைய பதிவுகள் பரிந்துரைக்கும் அமெரிக்காவின் எஸ்டிசி (டெக்னிக்கல் ரைட்டர்களுக்கான சங்கம்) சான்றிதழைத் தேடி அலைய வேண்டாம், அந்தச் சங்கமே 2025 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது.

வேலை கேட்டுப் போகும்போது கட்டுரை லிங்குகள் அதிகம் உதவாது. மென்பொருள்களின் கோடைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எடுத்து, அதன் வழிகாட்டியில் சொன்னபடியே நிறுவிப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அந்தப் பத்தியைத் திருத்தி, அதை ஏற்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் என்ற கோரிக்கை அனுப்புங்கள். ஏற்கப்பட்ட ஒரு திருத்தத்தை, முன்பு எப்படி இருந்தது, ஏன் மாற்றினேன் என்ற விளக்கத்தோடு காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

ஏஐ வந்துவிட்டதே என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். வாக்கியத்தை மட்டும் சீர்செய்பவர்களுக்குச் சிரமம்தான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது எழுதித் தந்த ஸ்டெப் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

இன்டர்வியூவில் பெரும்பாலும் சின்ன எழுத்துத் தேர்வு வைப்பார்கள். இதைப் படிக்கப்போவது யார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள். எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கவனிப்பது அந்தக் கேள்வி வருகிறதா என்பதைத்தான்.