கட்டிலோடு விடுவதா, காலி வீடாக விடுவதா?

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் மகன் வீடு. அவன் வெளிநாட்டில் இருக்கிறான். கட்டில், சோபா, ஃபிரிட்ஜோடு விட்டால் வாடகை கூடுமா?

வரப்போவது யார் என்பதைப் பார்க்க வேண்டும். ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரிக்கு மேற்படிப்புக்காக வரும் டாக்டர் இரண்டு பெட்டிகளோடு வருவார். கூடுதலாகக் கொடுக்கத் தயங்க மாட்டார். குடும்பம் என்றால் கதை வேறு. நம் பக்கத்தில் கல்யாணச் சீராக வந்த கட்டிலும் பீரோவும் லாரியில் கூடவே வரும். "உங்கள் சாமானை எப்போது எடுப்பீர்கள்?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். எல்லாவற்றையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டினால் அந்த அறையின் வாடகை போயிற்று. உங்கள் தெருவுக்குக் குடும்பங்களே வருகின்றன என்றால் ஃபேன், விளக்கு, கீசர் போதும். மற்றதை விற்றுவிடுங்கள். மகனிடம் கேட்டுவிட்டு!

சாமான் உடைந்தால் முன்பணத்தில் கழிக்கலாமா?

கழிக்கலாம், எழுத்தில் இருந்தால். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதற்குள் ஃபிரிட்ஜும் சோபாவும் அடங்குமா என்று கணக்குப் போடுங்கள். பட்டியலில் "பீரோ 1" என்று எழுதினால் பயனில்லை. "ஸ்டீல் பீரோ, சாவி இரண்டு, வலது கதவுக் கண்ணாடியில் கீறல்" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மெத்தை அமுங்கியதற்கெல்லாம் பணம் பிடிப்பது நியாயமில்லை.

வருமான வரியில் வித்தியாசம் உண்டா?

உண்டு. வெறும் வீட்டு வாடகைக்கு 30 சதவீதக் கழிவு கிடைக்கும். வீட்டையும் சாமானையும் பிரிக்க முடியாதபடி சேர்த்து விட்டால் அந்தக் கழிவு போய்விடும். ஆனால் சாமான் பழசாகி மதிப்புக் குறைவதற்குத் தேய்மானம் என்று ஒரு கழிவு கேட்கலாம். ஒப்பந்தம் எழுதும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

வண்ணார்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தரைத்தள வீடு. தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சலோடு விடலாமா?

2023 டிசம்பர் வெள்ளத்தை அதற்குள் மறந்துவிட்டீர்களா? பிளைவுட் கட்டில்கள் ஊறி உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து தெருவில் கிடந்தன. தேக்கு தாங்கும், ஆனால் வெள்ளம் வரும் இரவில் குடியிருப்பவர் தம் பிள்ளைகளைத் தூக்குவாரா, உங்கள் ஊஞ்சலைத் தூக்குவாரா? பலகையைக் கழற்றி உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். விட்டத்து வளையம் அங்கேயே இருக்கட்டும்.