ரத்தக் கொடையாளர் பட்டியலை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சேர்ந்து ரத்தக் கொடையாளர் பட்டியல் தயாரிக்கிறோம் சார். 800 பேர் வரை இருக்கிறார்கள். எந்த போனிலிருந்தும் யார் வேண்டுமானாலும் தேடுகிற மாதிரி, காசில்லாத டேட்டாபேஸ் எது? ஏர்டேபிள், சுபாபேஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கூகுள் ஷீட்ஸ் போதும்மா. ஏர்டேபிள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இலவசக் கணக்கில் ஒரு பேஸுக்கு, அதாவது ஒரு தகவல் தொகுப்புக்கு, 1,000 பதிவுகள்தான். அடுத்த ஜூனியர் செட் வந்ததும் நிரம்பிவிடும். சுபாபேஸ் நல்ல டேட்டாபேஸ், 500 எம்பி இலவசம். ஆனால் ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் இலவச ப்ராஜெக்டை நிறுத்தி வைத்துவிடுவார்கள். செமஸ்டர் லீவில் ஒருவருக்கு ஓ நெகட்டிவ் தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள்? தவிர, அதில் தேடுவதற்கான பக்கத்தை நீங்களேதான் எழுத வேண்டும்; எழுதிய மாணவர் படிப்பு முடிந்து போனபின் பழுது பார்க்க ஆள் வேண்டும். ஷீட்ஸில் ஒரு கோடி செல்கள் (கட்டங்கள்) வரை இடமுண்டு, முதலாண்டு மாணவருக்கும் கையாளத் தெரியும்.

விவரங்களை கூகுள் ஃபார்ம் வழியாக வாங்குங்கள். ரத்த வகையை டைப் செய்ய விடாதீர்கள். ஒருவர் 'ஓ பாசிட்டிவ்' என்பார், இன்னொருவர் வெறும் 'ஓ' என்று விட்டுவிடுவார். தேடும்போது பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். எட்டு வகைகளையும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி கட்டாயம் வேண்டும். ஆண்கள் 3 மாதம், பெண்கள் 4 மாதம் இடைவெளி விட வேண்டுமல்லவா? அந்தத் தேதியிலிருந்து அடுத்து எப்போது கொடுக்கலாம் என்பதை ஒரு ஃபார்முலாவே கணக்கிட்டுவிடும். நடுராத்திரி அழைப்பு வரும்போது, கொடுக்க முடியாதவர்களை எழுப்பாமல் இருக்கலாம்.

'யார் வேண்டுமானாலும்' என்பதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். அதில் மாணவிகளின் செல் நம்பர்கள் இருக்கின்றன. லிங்க் ஒருமுறை வாட்ஸ்அப்பில் போனால் திரும்பப் பிடிக்க முடியாது. ஷீட்டில் நம்பர் இருக்கும் நெடுவரிசையை மறைத்து வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. பார்க்க அனுமதி உள்ளவர் ஷீட்டைப் பிரதி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஒருங்கிணைப்பாளர்கள் நான்கைந்து பேரின் மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ரத்தம் கேட்பவர்கள் அவர்களை அழைக்கட்டும், அவர்கள் கொடையாளரிடம் கேட்டுவிட்டு நம்பர் தரட்டும்.

அப்புறம், கணக்கை உங்கள் சொந்த மெயிலில் தொடங்க வேண்டாம். குழுவுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டையும் மீட்பு போன் நம்பரையும் உங்கள் திட்ட அலுவலரிடம் ஒப்படையுங்கள்.