முதல் படத்துக்குத் திரைப்பட விழா விருது உதவுமா, விழாவில் நடக்கும் இண்டஸ்ட்ரி அமர்வுகள் உதவுமா?

கேள்வி கேட்ட நண்பரின் முதல் படம் எடிட்டிங்கில் இருக்கிறது. சுயாதீனத் திரைப்பட விழாக்களில் சினிமாத் தொழிலில் இருப்பவர்கள் மேடையில் பேசும் இண்டஸ்ட்ரி பேனல்களுக்குக் கைக்காசு போட்டுப் போகலாமா, விருது கிடைத்தால் படம் விற்றுவிடுமா என்று கேட்டிருக்கிறார்.

போகலாம், கட்டாயம் போங்கள். ஆனால் விருதோ அமர்வோ, அதனால் வரும் பலன் இந்தப் படத்தைவிட உங்கள் அடுத்த படத்துக்குத்தான் அதிகம் போய்ச் சேரும். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் எந்த விழாவுக்கு அனுப்புவது, அங்கே யாரிடம் பேசுவது என்பதெல்லாம் கொஞ்சம் தெளிவாகிவிடும்.

நான் படத்தொகுப்பாளர். நண்பர்கள் நான்கு பேர் கடன் வாங்கி எடுத்த ஒரு தமிழ்ப் படத்தின் ரஃப் கட்டோடு, அதாவது முழுதாக முடிக்காத முதல் தொகுப்போடு, 2018 நவம்பரில் கோவாவில் நடக்கும் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தைக்குப் போனேன். அங்கே கற்றுக்கொண்டதையும், திரும்பி வந்து நாங்கள் செய்த ஒரு தவறையும் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில், அதன் முக்கியப் போட்டிக்கான டைகர் விருதை வாங்கியது. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான். பரிசு 40,000 யூரோ, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 35 லட்சம் ரூபாய். இயக்குநரும் தயாரிப்பாளரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய பணம் அது. அதே ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வப் படமாகவும் தேர்வானது. ஒரு முதல் படத்துக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் என்ன வேண்டும்? அப்படியிருந்தும் சோனி லிவ்வில் நம் மக்கள் அதைப் பார்க்க 2023 அக்டோபர் ஆகிவிட்டது. விருது அறிவித்ததிலிருந்து இரண்டு வருடம் எட்டு மாதம்.

ஆனால் அவருடைய இரண்டாவது படம் 'கொட்டுக்காளி'யைப் பாருங்கள். சிவகார்த்திகேயன் தயாரித்தார், சூரியும் அன்னா பென்னும் நடித்தார்கள். 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிட்டார்கள், ஆகஸ்டில் தியேட்டருக்கே வந்துவிட்டது. பின்னணி இசை இல்லாத ஒரு படம் நம் ஊர்த் தியேட்டரில் ஓடியதற்குப் பின்னால் அந்த ராட்டர்டாம் விருதுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று, அருண் கார்த்திக்கின் 'நசீர்'. அவருடைய முதல் படம் 'சிவபுராணம்' 2016-ல் ராட்டர்டாமில் திரையிடப்பட்டது. அந்த விழாவோடு இணைந்த ஹூபர்ட் பால்ஸ் நிதி என்று ஒன்று 1988-லிருந்து இருக்கிறது, ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இயக்குநர்களுக்கு உதவுகிற நிதி. 'நசீர்' அந்த நிதியின் ஆதரவோடு, நெதர்லாந்துத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து உருவான படம். 2020-ல் அதே விழாவின் டைகர் போட்டியில் கலந்துகொண்டு, ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதையும் வாங்கியது. முதல் படம் கோப்பை எதையும் கொண்டுவராமல் போனாலும் அதைப் பார்த்தவர்கள் இயக்குநரின் பெயரை ஞாபகம் வைத்திருப்பார்கள். விழாக்களை மதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, அமர்வுகளுக்கு வருவோம்.

ஃபிலிம் பஜாரை 2007-ல் மத்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) தொடங்கியது. கோவா சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும் அதே நவம்பரில் சில நாட்கள் நடக்கும். நான் போன வருடம் பனாஜியில் மீராமார் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் நடந்தது. காலையிலிருந்து மாலை வரை மேடைப் பேச்சுகள் இருக்கும். ஓடிடிக்காரர்கள் என்ன வாங்குகிறார்கள், சேல்ஸ் ஏஜென்ட் என்பவர் என்ன செய்கிறார், இரண்டு நாடுகள் சேர்ந்து படம் தயாரிப்பது எப்படி என்பது போன்ற தலைப்புகள். முதல் நாள் ஒன்று விடாமல் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். தொழிலின் பேச்சுமொழி பிடிபட அது உதவியது, அந்த அளவுக்குத்தான். மேடையில் நாலைந்து பேர் முக்கால் மணி நேரம் பேசும்போது உங்கள் படத்துக்கான பதில் அதில் இருக்காது. பேசி முடித்து அவர்கள் கீழே இறங்கியதும் இருபது பேர் சூழ்ந்துகொண்டு விசிட்டிங் கார்டை நீட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள்.

அதற்குப் பதிலாக, சந்திக்க நினைப்பவருக்கு இரண்டு வாரம் முன்னாலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் மூன்று விஷயம் போதும்: படம் எதைப் பற்றியது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள். அவர் முன்பு தேர்வு செய்த படங்களில் ஒன்றையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒருவரோ இருவரோ பதில் போடுவார்கள். அந்த இருபது நிமிடச் சந்திப்புக்காகத்தான் ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள்.

எங்கள் படம் அங்கே வியூயிங் ரூம் என்ற பிரிவில் இருந்தது. வரிசையாகக் கணினிகள் இருக்கும். விழாக்களுக்குப் படம் தேர்வு செய்யும் புரோகிராமர்களும், படம் வாங்குபவர்களும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பட்டியலில் இருக்கும் படங்களைப் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் ஒரு நடுத்தர அளவு விழாவுக்குப் படம் தேர்வு செய்யும் ஒரு பெண்மணி எங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டு, மூன்றாம் நாள் மதியம் சந்திக்க நேரம் கொடுத்தார். நேர்மையாகப் பேசினார். முதல் பன்னிரண்டு நிமிடம் முழுதாகப் பார்த்தாராம், அப்புறம் நடுவில் இரண்டு இடம் தாவி, கடைசிக் கால் மணி நேரத்தை மறுபடி முழுதாகப் பார்த்திருக்கிறார். உங்கள் படம் பஸ் ஸ்டாப் காட்சியில்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் இருப்பது எல்லாம் தயக்கம் என்றார். எடிட்டரான எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஊருக்குத் திரும்பி, அந்தக் காட்சிக்கு முன்னால் இருந்த ஏழு நிமிடத்தையும் வெட்டினேன். இன்றும் அந்த வெட்டு சரி என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டார். "அந்தப் பெண் தன் சொந்த மாமாவோடா குடும்பம் நடத்துகிறாள்?" எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. கதாநாயகி புருஷனை 'மாமா' என்று கூப்பிடுகிறாள், சப்டைட்டிலில் அதை 'அங்கிள்' என்று போட்டிருக்கிறோம். மொத்தம் முப்பத்தொரு இடத்தில். அவர் படம் முழுக்க அந்த உறவையே வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார். ஆங்கிலம் தெரிந்த நண்பர் ஒருவர் இரண்டே ராத்திரியில் செய்து கொடுத்த சப்டைட்டில் அது. நாங்கள் யாருமே தமிழ் தெரியாத ஒருவர் கண்ணால் அதைப் படித்துப் பார்க்கவில்லை. எந்த மேடைப் பேச்சிலும் இது எனக்குக் கிடைத்திருக்காது.

விருதுகளில் இன்னொரு வகை உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. ரஃப் கட் நிலையில் இருக்கும் படங்களுக்கான பட்டறைகள் பல விழாச் சந்தைகளில் நடக்கின்றன. ஃபிலிம் பஜாரின் பட்டறையில் விழா இயக்குநர்கள், எடிட்டர்கள், விமர்சகர்கள் சேர்ந்து உட்கார்ந்து படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். 2015-ல் லொகார்னோவில் விருது வாங்கிய 'திதி' என்ற கன்னடப் படம் அந்தப் பட்டறை வழியாகப் போனதுதான். இங்கே கொடுக்கும் பரிசு பல நேரம் பணமாக இருக்காது. ஏதாவது ஒரு லேபில் டிஐ (படத்தின் வண்ணங்களைச் சீர்செய்யும் வேலை) இலவசம், சவுண்ட் மிக்ஸுக்குச் சலுகை என்று இருக்கும். கையில் காசில்லாமல் கலர் கிரேடிங்கில் நின்றுபோன எத்தனையோ படங்கள் எனக்குத் தெரியும். உங்கள் படம் அந்த நிலையில் இருந்தால் கண்ணாடிக் கோப்பையைவிட இதற்குத்தான் முதலில் விண்ணப்பிக்கச் சொல்வேன். ஆனால் படத்தை முழுதாக முடித்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும், அதனால் அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

இனி நாங்கள் செய்த தவறு.

கோவாவிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியும் எங்கிருந்தும் தகவல் இல்லை. கடன் கொடுத்தவர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற தவிப்பில், இணையத்தில் மாதாமாதம் நடக்கும் ஒரு விழாவுக்குக் கட்டணம் கட்டி அனுப்பினோம். பத்தே நாளில் 'சிறந்த அறிமுகப் படம்' விருது வந்தது. போஸ்டரில் விழா விருதுக்கு அடையாளமான இலை வளையம் போட்டு முகநூலில் பகிர்ந்தோம், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விருது பெற்ற படங்களை மூன்று நாள் அவர்கள் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். நாங்கள் அதற்கும் சம்மதித்திருந்தோம்.

2019 ஜூலையில் கோவாவில் பார்த்த அந்தப் பெண்மணி எழுதினார். படம் முடிந்துவிட்டதா, எங்கள் போட்டிப் பிரிவுக்குப் பரிசீலிக்க விரும்புகிறேன், இதுவரை வேறெங்காவது திரையிட்டிருக்கிறீர்களா என்று. பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் பெரும்பாலும் உலக முதல் காட்சியைக் கேட்கும், குறைந்தபட்சம் உங்கள் நாட்டுக்கு வெளியே முதல் காட்சியையாவது கேட்கும். அந்த மூன்று நாள் இணையத் திரையிடலில் நாங்கள் இரண்டையும் தொலைத்துவிட்டோம். வடபழனியில் ஒரு டீக்கடை வாசலில் நின்று நான்கு பேரும் அந்த மின்னஞ்சலை மாற்றி மாற்றிப் படித்தோம். உண்மையை எழுதி அனுப்பினோம். போட்டிக்கு வெளியே வேறு பிரிவில் இடம் கிடைக்குமா என்று அவரும் முயன்றார், கிடைக்கவில்லை.

அதனால் எங்கே அனுப்புவதற்கு முன்னாலும் சிலவற்றைப் பாருங்கள். அந்த விழாவுக்கு உண்மையிலேயே ஒரு தியேட்டரும் பார்வையாளர்களும் இருக்கிறார்களா? ஜூரி யார் யார் என்று பெயர் போட்டிருக்கிறார்களா? போன வருடம் அங்கே திரையிட்ட படங்கள் பிறகு எங்கே போயின? ஐம்பது அறுபது பிரிவுகளில் விருது கொடுக்கிறார்கள் என்றால் தள்ளிவிடுங்கள். சின்ன விழா என்பதற்காக ஒதுக்காதீர்கள். ராட்டர்டாமே 1972-ல் தொடங்கியபோது முதல் நாள் படம் பார்க்க வந்தவர்கள் வெறும் பதினேழு பேர். அளவு முக்கியமில்லை, யார் தேர்வு செய்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பதைப் பாருங்கள். போகிற வரிசையையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் காட்சி கேட்கும் விழாக்கள் முதலில், மற்றவை பிறகு. ஒரு விழாவின் பதிலுக்காக ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான், வீட்டுக்குச் சொல்லிப் புரியவைப்பது அதைவிடக் கஷ்டம். இருந்தாலும் பொறுத்திருங்கள்.

அந்தப் பெண்மணி கடைசியாக எழுதிய மின்னஞ்சலில் புதிய வெட்டைப் பார்த்ததாகவும், பஸ் ஸ்டாப்பில் தொடங்குவது சரியாக இருப்பதாகவும் சொல்லியிருந்தார். அடுத்த படத்தைத் திரைக்கதை நிலையிலேயே அனுப்புங்கள் என்றும் எழுதியிருந்தார். எங்கள் இயக்குநர் இப்போது மூன்றாவது முறையாகத் திரைக்கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் முதலில் அவருக்குத்தான் போகிறது. இந்த முறை 'மாமா'வுக்கு என்ன போடுவது என்று இப்போதே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம்.