பீக்கன் பருப்பு: முதலில் முகர்ந்து பாருங்கள்

நவம்பர் பிறந்தால் டெக்சஸில் அக்ரூட்டுக்கு உறவான அமெரிக்கக் கொட்டை, புதுப் பீக்கன், சந்தைக்கு வந்துவிடும். பின்னாலேயே உங்கள் கடிதங்களும் வந்துவிடும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பீக்கன் பை (pie), அதாவது மாவு ஓட்டில் பருப்பும் பாகும் ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பு, கெட்டுப்போன கதை. எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓவனின் வெப்பம், தட்டின் அகலம், பருப்பு வாங்கிய மாதம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள். இவை இல்லாத கடிதத்துக்கு ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: பீக்கன் பை ஐம்பது நிமிடம் ஓவனில் இருந்தும் நடுவில் கூழாகவே நின்றுவிட்டது. செய்முறையில் பிழையா? (டாலஸ் வாசகர்)

ஓவன் எத்தனை டிகிரியில் இருந்தது என்று எழுதவில்லையே! வழக்கமான அளவு எல்லாருக்கும் தெரியும்: 3 முட்டை, ஒரு கப் கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு), ஒரு கப் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி வெண்ணெய், 170 கிராம் பருப்பு. இந்தக் கலவையை இறுக வைப்பது முட்டைதான். பாகு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் முட்டை வேகாவிட்டால் நடுப்பகுதி ஓடத்தான் செய்யும். 175 டிகிரி செல்சியஸில், 23 செ.மீ. தட்டில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கடிகாரத்தை நம்பாமல் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 93 டிகிரி காட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் தட்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஓரம் அசையாமல், நடுவே உள்ளங்கையளவு இடம் மட்டும் தளதளத்தால் எடுத்துவிடலாம். ஓரம் முன்னதாகவே சிவந்துவிட்டால் அதன் மேல் மட்டும் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். எடுத்த பிறகு நான்கு மணி நேரம் ஆற வேண்டும். சூட்டோடு வெட்டிவிட்டு, "ஓடுகிறது" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: "பி-கான்" என்பது சரியா, "பீ-கேன்" என்பது சரியா?

இரண்டும் சரி. அமெரிக்கத் தென்மாநிலங்களிலேயே ஊருக்கு ஊர், சில சமயம் ஒரே வீட்டுக்குள்ளேயே உச்சரிப்பு மாறும். மூலச்சொல் அல்கோன்கியப் பூர்வகுடி மொழிகளிலிருந்து வந்தது. கல்லால் உடைக்க வேண்டிய கொட்டை என்று பொருள். தமிழில் இதை "வாதுமை" என்று மட்டும் எழுதாதீர்கள். பாதாம், அக்ரூட் இரண்டையும் அந்த ஒரே சொல் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: போன கிறிஸ்துமஸுக்கு மொத்தமாக இரண்டு கிலோ வாங்கினேன். இப்போது பிஸ்கட் செய்தால் கசக்கிறது. பேக்கிங் பவுடர் அதிகமாகிவிட்டதா?

பருப்பு கெட்டுவிட்டது. பதினோரு மாதம் சமையலறை அலமாரியில் கிடந்த பீக்கன் வேறு எப்படி இருக்கும்? 100 கிராம் பீக்கனில் 70 கிராமுக்கு மேல் எண்ணெய்தான். அந்த எண்ணெய் வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் காறிப்போகும். இதைப் பல முறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்: பீக்கனைப் பாலைப் போல, வெண்ணெயைப் போல நினையுங்கள், பருப்பு டப்பாவோடு சேர்த்து அடுக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்பது மாதம், ஃபிரீசரில் இரண்டு வருடம். செய்யத் தொடங்கும் முன் முகர்ந்து பாருங்கள், ஒன்றைக் கடித்தும் பாருங்கள். நல்ல பருப்பு வெளுத்த தேன் நிறத்தில் இருக்கும். கடித்தால் வெண்ணெய் வாசம் வரும். பழையது கரும்பழுப்பாகி, பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது போல நெடி அடிக்கும். அதை வறுத்தாலும் சர்க்கரை கூட்டினாலும் சரியாகாது, கொட்டிவிடுங்கள்.

ஓட்டோடு வாங்கி உடைப்பவர்களுக்கு வேறொரு கசப்பும் வரும். பருப்பின் இரண்டு நீள வரிப்பள்ளங்களிலும் செம்பழுப்பு நிறத்தில் தக்கை போல ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கடும் துவர்ப்பு. பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்துவிடுங்கள். கடுகளவு தங்கினாலும் நாக்கைப் பிடிக்கும்.

கேள்வி: சென்னையில் பீக்கன் யானை விலை. அக்ரூட் போடலாமா, முந்திரி போடலாமா? கார்ன் சிரப்புக்கு என்ன செய்வது?

அக்ரூட் போடலாம், அதே அளவு போதும். இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். அக்ரூட்டின் தோல் துவர்க்கும் என்பதால், எட்டு நிமிடம் வறுத்து, சூடு ஆறுமுன் துணியில் போட்டுக் கசக்கித் தோலை உதிர்த்துவிடுங்கள். முந்திரி வேண்டாம். அதில் எண்ணெய் குறைவு, மாவுச்சத்து அதிகம். பாகில் ஊறித் தொளதொளத்துவிடும். கார்ன் சிரப்புக்குப் பதில் பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸைச் சிறிது வெந்நீரில் இளக்கிக்கொள்ளுங்கள். வடிகட்டிய வெல்லப் பாகும் நன்றாக இருக்கும், கூச்சப்பட வேண்டாம். கேரோ என்ற பெயரில் விற்கும் கார்ன் சிரப் 1902இல்தான் கடைக்கு வந்தது. அதற்கு முன் தென்மாநிலத்து வீடுகளில் இருந்தவை கரும்புப் பாகும் சோளத்தட்டைப் பாகும்தான்.

கேள்வி: என் மகளின் பள்ளிக் கட்டுரைக்கு வேண்டும். பீக்கன் எந்த மாநிலத்தின் சின்னம்? ஒரு வரி போதும். (சான் அண்டோனியோ வாசகி)

ஒரு வரி: டெக்சஸ், 1919 முதல் மாநில மரம்.

ஆனால் அந்த ஒரு வரியோடு குழந்தையை அனுப்ப எனக்கு மனமில்லை அம்மா. நீங்கள் எழுதியிருப்பது சான் அண்டோனியோவிலிருந்து.

பள்ளிகளில் சொல்லும் கதை இது. டெக்சஸ் ஆளுநராக இருந்த ஜேம்ஸ் ஹாக் 1906இல் இறந்தார். கல்லறைக்குக் கல் நாட்ட வேண்டாம், தலைமாட்டில் ஒரு பீக்கனும் கால்மாட்டில் ஒரு அக்ரூட்டும் நடுங்கள், அவை காய்த்ததும் கொட்டைகளை எளிய மக்களுக்குக் கொடுத்து டெக்சஸை மரங்களின் நாடாக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நல்ல ஆசை, அழகான கதை, அதை எழுதட்டும். அலபாமா 1982இலும் ஆர்கன்சா 2009இலும் பீக்கனை மாநிலக் கொட்டையாக அறிவித்தன. 2013இல் டெக்சஸ் பீக்கன் பையை மாநிலப் பையாக்கியது. இதையும் எழுதட்டும்.

எந்த விழா மேடையிலும் நான் கேட்காத இரண்டு செய்திகளையும் சேர்த்து எழுதட்டும்.

ஒன்று, ஆன்ட்வான் என்பவரைப் பற்றி. பீக்கன் விதையை நட்டால் தாய்மரம் போலவே காய்க்காது. ஒன்று பெருங்காயாக இருக்கும், பக்கத்து மரம் சூம்பிப்போய்க் கிடக்கும். நல்ல மரத்தைப் பெருக்க வேண்டுமானால் ஒட்டுக் கட்டத்தான் வேண்டும். பீக்கனிலோ ஒட்டு எளிதில் பிடிக்காது. லூசியானாவின் ஓக் அலி தோட்டத்தில் 1846–47 குளிர்காலத்தில் அதைச் செய்து காட்டியவர் ஆன்ட்வான். அடிமையாக இருந்த தோட்டக்காரர். பதினாறு மரங்களில் ஒட்டுக் கட்டினார், பிடித்துக்கொண்டது. அவருடைய குடும்பப் பெயர்கூட ஏட்டில் இல்லை. தோட்ட முதலாளி இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் மாடு, வண்டிகளோடு அவரையும் எழுதி, பீக்கன் ஒட்டுக் கட்டுவதில் வல்லவர் என்று குறித்து, விலையும் போட்டிருக்கிறார்கள். அவர் ஒட்டிய மரங்களின் காய் 1876இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று, 'சென்டெனியல்' என்று பெயர் வாங்கியது. ரகத்துக்குக் கண்காட்சியின் பெயர் கிடைத்தது, கட்டிய கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று ஜார்ஜியாவிலும் நியூ மெக்சிகோவிலும் வரிசை வரிசையாக நிற்கும் ஒட்டு மரத் தோப்புகளுக்கெல்லாம் அந்தக் கைவேலைதான் தொடக்கம்.

இரண்டாவது உங்கள் ஊர்க்கதை. 1930களில் சான் அண்டோனியோவின் மேற்குப் பகுதிக் கொட்டகைகளில் ஏறக்குறைய 12,000 பேர் பீக்கன் உரித்தார்கள். பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். இயந்திரத்தை விடக் கைகள் மலிவு என்று முதலாளிகள் இயந்திரத்தையே ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. காற்றோட்டமில்லாத அறை, பருப்பிலிருந்து பறக்கும் பொடி, காசநோய் மலிந்த குடியிருப்புகள். வாரம் முழுவதும் உரித்தாலும் இரண்டு மூன்று டாலர்தான். ஒரு பவுண்டுக்கு ஆறேழு சென்ட் கிடைத்துவந்த கூலியில் ஒரு சென்ட்டைக் குறைத்ததும் 1938 ஜனவரி 31 அன்று வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். முன்னால் நின்றவர் எம்மா டெனயூகா, அப்போது வயது 21. நூற்றுக்கணக்கில் கைது செய்தார்கள், கண்ணீர்ப்புகை வீசினார்கள். ஆனாலும் கொட்டகைக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். அதே வருடம் வந்த மத்தியச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்றது. உடனே இயந்திரங்கள் வந்தன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

தேங்க்ஸ்கிவிங் மேசையில் பை வைக்கும்போது ஆளுநரின் கல்லறைக் கதையைச் சொல்கிற நாம், இவர்களையும் சொல்ல வேண்டும். பீக்கனைப் பற்றி முப்பது பக்கம் எழுதி ஆன்ட்வானுக்கு அரை வரிகூடக் கொடுக்காத வண்ணப் புத்தகங்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உங்கள் மகளின் கட்டுரையில் இந்த இரண்டு பெயர்களும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்புற மரம் போன வருடம் கொட்டித் தீர்த்தது. இந்த வருடம் பத்துக் காய்கூட இல்லை. யூரியா போட்டேன், பயனில்லை. (ஹூஸ்டன்)

கேட்காமல் ஏன் யூரியா போட்டீர்கள்? பீக்கன் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் மரம். ஆகஸ்ட், செப்டம்பரில் பருப்பு பிடிக்கும்போது தன் சேமிப்பையெல்லாம் எண்ணெயாக்கி உள்ளே அடைத்துவிடும்; அடுத்த வசந்தத்தில் பெண்பூ எடுக்கத் தெம்பிருக்காது. வீட்டு மரத்தில் இதை முழுமையாகத் தடுக்க முடியாது. கோடையில் தண்ணீர் குறையாமல் பாருங்கள். இலை சிறுத்து நுனியில் கொத்தாகச் சுருண்டால் துத்தநாகக் குறை. வசந்தத்தில் இலை வழியாகத் தெளிக்க வேண்டும். ரகம் என்னவென்று எழுதவில்லை. உங்கள் ஊர் ஈரக் காற்றுக்கு 'எலியட்' நோய் தாங்கும். மேற்கு டெக்சஸின் வறண்ட மண்ணுக்கான 'விச்சிட்டா'வை யாராவது நட்டிருந்தால் சொறிநோயோடு போராடத்தான் வேண்டும்.

கேள்வி: கோயம்புத்தூரில் பீக்கன் நடலாமா?

வேண்டாம். குளிர்காலத்தில் நன்றாகக் குளிர்ந்து உறங்கி எழ வேண்டிய மரம் இது. இந்தியாவில் இமாசலப் பிரதேசம் போன்ற மலைப்பகுதிகளில்தான் ஓரளவு வளர்க்கிறார்கள்.

கேள்வி: பையனுக்கு அக்ரூட் ஒவ்வாமை. பீக்கன் கொடுத்துப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. அக்ரூட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் பீக்கனும் ஒத்துக்கொள்ளாது. "கொடுத்துப் பார்க்கலாமா" என்ற எண்ணமே ஆபத்து. ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்காமல் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். விருந்துக்குப் பை கொண்டுபோகிறவர்களும் என்ன பருப்பு என்று எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: ஓட்டோடு வாங்கினால் எவ்வளவு பருப்பு தேறும்?

பாதி. ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ என்று கணக்கு வையுங்கள். மெல்லோட்டு ரகமானால் சற்றுக் கூடும். இரண்டு கொட்டைகளை ஒரே உள்ளங்கையில் வைத்து ஒன்றோடு ஒன்று அழுத்தினால் மெல்லோடு உடைந்துவிடும், பாக்குவெட்டி தேவையில்லை.

கேள்வி: நியூ ஆர்லியன்ஸ் பிரலீன் செய்தேன். ஒரு முறை மணல் மணலாகிவிட்டது, மறுமுறை இறுகவே இல்லை.

இரண்டு தவறும் பதத்தில்தான். பிரான்சில் இந்தச் சர்க்கரைப் பாகு மிட்டாயைப் பாதாமில் செய்தார்கள்; லூசியானாவுக்கு வந்தபின் அங்கே விளையும் பீக்கன் அந்த இடத்தைப் பிடித்தது. தெருவில் தட்டேந்தி விற்றுப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் கறுப்பினப் பெண்கள். அவர்கள் கையில் வெப்பமானி கிடையாது, கண்ணால் பார்த்தே இறக்கினார்கள். நமக்கும் இது புதிதில்லை, பர்பி கிளறுகிற கைதான். சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை, பால், வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சுங்கள். தண்ணீரில் ஒரு துளி விட்டால் விரலுக்கிடையே மெத்தென்று உருள வேண்டும். வெப்பமானியில் 115 டிகிரி. உங்களுக்கு இறுகாமல் போனது இதற்கு முன்பே இறக்கியதால். இறக்கிய பிறகு பருப்பைப் போட்டு மரக்கரண்டியால் கிளறுங்கள். முதலில் கண்ணாடி போலப் பளபளக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்டியின் தடம் மூடத் தயங்கும், பளபளப்பு மங்கி ஓரத்தில் பனி படர்ந்தது போலாகும். அந்த நொடியில் வெண்ணெய் தடவிய தாளில் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் கிளறினால் பாகு முழுவதும் பூத்து மணலாகிவிடும். மழை நாளில் செய்யாதீர்கள், சர்க்கரை ஈரத்தை இழுத்துக் கசகசக்கும். பாத்திரத்திலேயே இறுகிவிட்டால் பதற வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு, சிறு தீயில் இளக்கி, மறுபடி ஊற்றுங்கள்.