தம்பிக்கு எடுத்துக் குடுத்த லோன், என் வீட்டு லோனை இழுக்குதே!

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரெண்டு வருஷம் முன்னாடி தம்பிக்கு அவசரமா பணம் தேவைப்பட்டுச்சு, அவன் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்கா கட்டுறதைப் பாத்து போடற மதிப்பெண்) சரியில்லாததால யாரும் லோன் தரல, அதனால என் பேர்ல பர்சனல் லோன் எடுத்துக் குடுத்தேன். ஒரு மாசம் தவறாம என் அக்கவுண்ட்ல பணம் போட்டுடறான், என் கைக்காசு ஒரு பைசா போகல. இப்போ நானும் கணவரும் வீடு வாங்கலாம்னு பேங்க் போனா, நாங்க நினைச்ச தொகையில பாதிக்கு கொஞ்சம் மேலதான் கிடைக்கும்ங்கறாங்க. கட்டுறது தம்பிதான்னு எவ்வளவு சொல்லியும் எடுபடல. இது என்ன நியாயம்? என்ன பண்றது?
- பெயர் வேண்டாம், ஒரு வாசகி

பதில்: உங்க ஆதங்கம் நல்லா புரியுதுங்க. லோன் ஃபைல் பாக்குற வேலையில பல வருஷம் இருந்தவன் நான், "கட்டுறது நான் இல்லைங்க"ங்கற வார்த்தைய கேக்காத வாரமே கிடையாது, சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேர் உண்மையத்தான் சொல்லுவாங்க. ஆனா பேங்க் யோசிக்கறது ஒண்ணே ஒண்ணு: நாளைக்கு தம்பி பணம் போடலைன்னா யார்கிட்ட போய் கேக்கறது? உங்ககிட்டதான். பணம் யார் கைக்குப் போச்சுங்கறது அந்த லோன் பேப்பர்ல எங்கயுமே இல்ல, கையெழுத்து மட்டும் உங்களோடது.

ஏன் அவ்வளவு பெருசா குறைஞ்சுதுன்னு கேட்டா, கணக்கு இப்படித்தான். உங்க மாச வருமானம் 100ன்னு வெச்சுக்கோங்க, எல்லா இஎம்ஐயும் சேந்து 50ஐ தாண்டக்கூடாதுன்னு பேங்க் வெச்சிருக்குன்னும் வெச்சுக்கோங்க (இந்த அளவு பேங்குக்கு பேங்க் மாறும்). வேற கடனே இல்லைன்னா அந்த 50ம் வீட்டு லோனுக்கு. தம்பி லோன் அதுல 20 எடுத்துட்டா மிச்சம் 30தான். சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்குதானே போச்சுன்னு நமக்குத் தோணும், ஆனா வீட்டு லோன் தொகையில 40 சதவீதம் காலி. உங்களுக்கு நடந்ததும் இதுதான்னு நினைக்கறேன்.

இதுல ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. இந்த இடத்துல பேங்க் முக்கியமா பாக்கறது பாக்கி எவ்வளவுன்னு இல்ல, மாசத் தவணை எவ்வளவுன்னுதான். 9 சதவீத வட்டி, 20 வருஷம்னு போட்டா, மாசம் கட்டக்கூடிய தொகையைப் போல சுமார் 111 மடங்கு லோன் கிடைக்கும். அப்போ உங்க தம்பி லோன்ல இன்னும் 16 தவணைதான் பாக்கின்னா, அதை முடிக்க அதிகபட்சம் 16 தவணைக்கான பணம்தான் வேணும் (முன்கூட்டியே முடிக்கறதால வட்டி குறையும், சில பேங்க் அதுக்குன்னு ஒரு கட்டணம் போடும், அதைக் கேட்டுக்கோங்க), ஆனா முடிச்சதும் அந்தத் தவணையைப் போல 111 மடங்கு அளவுக்கு எலிஜிபிலிட்டி திரும்பி வரும். அதனால தம்பி எப்படியாவது புரட்டி முடிக்க முடியுமா, இல்ல இப்போ அவன் ஸ்கோர் தேறியிருந்தா அவன் பேர்லயே புது லோன் எடுத்து இதை அடைக்க முடியுமான்னு முதல்ல உக்காந்து பேசுங்க. வீட்டுக்குன்னு சேத்து வெச்ச முன்பணத்தை எடுத்து இதுல போடறதுக்கு முன்னாடி மட்டும் ரெண்டு தடவை யோசிங்க, லோன் கிடைச்சு முன்பணம் இல்லாம நின்னவங்களையும் பாத்திருக்கேன்.

முழுசா முடிக்க முடியலைன்னா ஒரு பகுதி கட்டலாம், ஆனா கட்டும்போது "இஎம்ஐயைக் குறைங்க"ன்னு எழுதிக் குடுத்துடுங்க. சொல்லாம விட்டா நிறைய இடத்துல மாசத் தவணைய அப்படியே வெச்சுட்டு வருஷத்தைக் குறைச்சுடுவாங்க, வட்டிக்கு அது நல்லதுதான், உங்க வீட்டு லோனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

அடுத்தது தடயம். தம்பி உங்க அக்கவுண்ட்ல போடறான், அங்கிருந்து இஎம்ஐ போகுது, ஸ்டேட்மெண்ட் பாக்கறவருக்கு அது யாரோ போட்ட பணம், கட்டினது நீங்க. இந்த மாசத்துல இருந்தே தம்பி அக்கவுண்ட்ல இருந்து நேரா லோன் அக்கவுண்டுக்குப் போற மாதிரி மாத்துங்க. அமெரிக்காவுல ஃபேனி மே (பேங்குகள்கிட்ட இருந்து வீட்டுக் கடன்களை வாங்கற நிறுவனம்) விதிப்படி, வீட்டுக் கடன் அல்லாத கடனை வேற ஒருத்தர் 12 மாசம் தாமதமில்லாம கட்டினதுக்கு ஸ்டேட்மெண்ட் இருந்தா அந்தத் தவணையை கணக்குல இருந்து விட்டுடலாம், ஆனா அந்த ஆள் நீங்க வாங்கற வீட்டு விவகாரத்துல சம்பந்தப்பட்டவரா இருக்கக்கூடாது. எல்லா ஊர் பேங்கும் இதை ஏத்துக்கும்னு இல்ல, ஆனா எங்க போனாலும் உங்க வாய்வார்த்தையை விட அந்த 12 ஸ்டேட்மெண்டுக்கு மதிப்பு அதிகம். இன்னொண்ணு, தம்பி போடற பணத்தை வருமானம்னு காட்டச் சொல்லி யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, அது பொய்க்கணக்கு.

கேள்வி: கூட வேலை பாத்தவருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டேன். நான் ஒரு காசு கூட வாங்கல, கட்டவும் இல்ல. இதெல்லாம் என் வீட்டு லோனை பாதிக்குமா சார்?

பதில்: பாதிக்கலாம். ஜாமீன் போட்ட கடனை சில பேங்க் முழுசா உங்க கடனாவே எடுக்கும், சிலது ஒரு பங்கு எடுக்கும், ஒழுங்கா கட்டிட்டு வந்தா சிலது விட்டுடும். இந்தியாவுல 1872 ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவே சொல்லுது, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா ஜாமீன்தாரரோட பொறுப்பும் கடன் வாங்கினவரோட பொறுப்பும் ஒரே அளவுதான்.

எனக்கு மறக்கவே முடியாத ஒரு ஃபைல் இருக்கு. கணவன் மனைவி ரெண்டு பேரும் வந்திருந்தாங்க, வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, எல்லா பேப்பரும் ஒரு பச்சைக் கவர்ல அடுக்கி கொண்டாந்திருந்தாங்க. கிரெடிட் ரிப்போர்ட் (அவர் பேர்ல உள்ள கடன்களோட வரலாறு) எடுத்தா எப்பவோ ஃப்ரெண்டுக்குப் போட்ட ஜாமீன், அதுல வரிசையா மூணு தவணை கட்டல. "அவன் என்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னார் அவர், அந்தம்மா எதுவும் பேசல, கவர்ல இருந்த பேப்பரை எடுத்து எடுத்து மறுபடி அடுக்கிட்டே இருந்தாங்க. லோன் வரல, அட்வான்ஸும் போச்சு. அதுல இருந்துதான் நான் எல்லாருக்கும் சொல்றது, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பாத்துடுங்க. இந்த மாதிரி தாமதக் குறி சீக்கிரம் போகாது, அமெரிக்காவுல 7 வருஷம், இங்கிலாந்துல 6 வருஷம் நிக்கும்.

நீங்க இப்போ செய்ய வேண்டியது, அந்த லோன் நிலவரத்தை பேங்க்லயே நேரா கேளுங்க, நண்பர் சொல்றதோட நிறுத்திக்காதீங்க. "நான் விலகிக்கறேன்"னு ஒரு லெட்டர் குடுத்தா மட்டும் ஜாமீன்ல இருந்து வெளிய வந்துட முடியாது, பேங்க் சம்மதிக்கணும், அதுக்கு வேற ஜாமீனோ கூடுதல் அடமானமோ கேப்பாங்க, விடுவிச்சதுக்கு எழுத்துல வாங்கணும். லோன் முடிஞ்சிருந்தா முடிஞ்சதுக்கான லெட்டரை வாங்கி, ரிப்போர்ட்லயும் அது ஏறியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க. அதுக்கு முன்னாடி நாலஞ்சு பேங்க்ல ஒரே நேரத்துல போடாதீங்க, ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும்.

கேள்வி: என் கிரெடிட் கார்டுல தோழி தவணைக்கு ஃபோன் வாங்கிருக்கா. இதை பேங்க்ல சொல்லணுமா, சின்ன தொகைதானே?

பதில்: ஃபாரத்துல கேட்டா சொல்லிடுங்க, மறைச்சு கண்டுபிடிச்சா தொகை சின்னதுன்னு யாரும் பாக்க மாட்டாங்க, பொய்யா எழுதிக் குடுத்தீங்கன்னுதான் பாப்பாங்க. கார்டு பாக்கி பெரும்பாலும் ஸ்டேட்மெண்ட்ல இருக்கற தொகையாத்தான் ரிப்போர்ட்டுக்குப் போகும், அதனால கட்ட வேண்டிய கடைசி தேதி வரைக்கும் காத்திருக்காம, ஸ்டேட்மெண்ட் போடற தேதிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே தோழிகிட்ட பணத்தை வாங்கி கார்டுல கட்டிடுங்க, வீட்டு லோன் கைக்கு வர்ற வரைக்கும் அந்தக் கார்டுல வேற எதுவும் வாங்க வேண்டாம்னும் அவகிட்ட சொல்லி வைங்க.