எச்சில் போதாதா, மூக்கில் குச்சி விட்டே ஆக வேண்டுமா?

நான்கு வயது மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலும் இருமலும். கொரோனா பரிசோதனைக்காக மூக்கில் குச்சி விட்டால் மூளையில் பட்டுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துப் பயந்துபோய், எச்சிலை எடுத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். படாது. குச்சி மேல்நோக்கிப் போவதே இல்லை. மூக்கின் அடிப்பகுதியை ஒட்டி, நேராகத் தொண்டையின் பின்பக்கம் போகிறது. மூளை அதற்கு மேலே, எலும்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பிள்ளையை மடியில் வைத்து, தலையை உங்கள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணில் தண்ணீர் வரும், தும்முவான், அழுவான். சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

எச்சில் பரிசோதனையும் நல்ல முறைதான். யேல் பல்கலைக்கழகம் உருவாக்கிய எச்சில் பிசிஆர் (வைரஸின் மரபணுவை லேபில் தேடும் பரிசோதனை) முறைக்கு 2020 ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் அவசரகால அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு, நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் (நீரி) உப்புநீர் கொப்பளிப்பு முறையை நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஏற்றுக்கொண்டது. ஆனால் எச்சில் கொடுக்க, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்து, வாயில் தானாக ஊறுவதைக் குழாயில் வடிய விட வேண்டும். இந்த வயதுப் பிள்ளை வெறும் நுரையைத் துப்புவான், இல்லையென்றால் விழுங்கிவிடுவான். எல்லா லேபிலும் எச்சிலை வாங்கவும் மாட்டார்கள். மூக்கின் முன்பகுதியில் மட்டும் எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மூக்குச் சளியைச் சோதிக்கவென்று விற்கும் வீட்டுப் பரிசோதனைக் கிட்டில் எச்சிலை விட்டு 'நெகட்டிவ்' என்று நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு அர்த்தமே கிடையாது. போன முறை மிஞ்சிய அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்தது அதைவிடத் தவறு. வைரஸை அது ஒன்றும் செய்யாது. யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? உடனே நிறுத்திவிட்டு, கொடுத்த அளவை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: 'ராத்திரி கொஞ்சம் வேகமாக மூச்சு விடுகிறான்.' எனக்குக் கவலை தருவது அதுதான். அவன் தூங்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சு 40-ஐத் தொட்டாலோ, உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ, பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் சரி, குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.