சின்னப் பிள்ளைகளுடன் மலைநாட்டு நடை: கொழும்புப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் கொழும்பிலுள்ள தாய் தந்தையர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய் நடக்க வைக்கலாமா? நான் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். இப்போது வெள்ளவத்தையில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் சிறுவர்கள் உள்ள குடும்பங்களை மலைநாட்டுக்கு நடைக்கு அழைத்துச் செல்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. இதுவரை மலைப்பாதையில் நடந்ததே இல்லை. முதலில் எங்கே போகலாம்? (தெஹிவளையிலிருந்து ஒரு தாய்)

எல்லவிலுள்ள லிட்டில் அடம்ஸ் பீக். உயரம் 1,141 மீற்றர். பாதையின் பெரும்பகுதி தேயிலைச் செடிகளுக்கு நடுவே அகலமாகச் செல்கிறது, கடைசியில்தான் படிகள். பெரியவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறிவிடுவார்கள். நான்கு வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். பாதையில் பாதித் தூரம் ஓட்டோ போகும். மகளின் கால்களைப் படிகளுக்காக மிச்சம் பிடித்து வைக்கலாம். முதல் உச்சியிலேயே காட்சி முழுதாகக் கிடைத்துவிடும். அதற்கப்பால் அடுத்த குன்றுகளுக்கு இறங்கிப் போகும் ஒற்றையடிப் பாதை குறுகலானது, இருபுறமும் சரிவு. அங்கே சிறுவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். காலை ஏழு மணிக்கு முன் ஏறத் தொடங்கினால் வெயிலும் இல்லை, நெரிசலும் இல்லை.

எல்ல ரொக் வேறு, இது வேறு. எல்ல ரொக் பாதை புகையிரதத் தண்டவாளத்தை ஒட்டிப் போய், பிறகு செங்குத்தாக ஏறுகிறது. சின்னவர்களுக்கு அது உகந்ததல்ல. ஒன்பது வளைவுப் பாலத்தையும் மேலேயிருக்கும் தேநீர்க் கடைகளிலிருந்தே காட்டுங்கள். தண்டவாளத்தில் பிள்ளையை நிறுத்திப் படமெடுப்பதை நான் கண்டால் முகம் பார்க்காமல் சொல்லிவிடுவேன்.

எந்த மாதம் நல்லது? எங்களுக்குக் கிடைப்பது ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள்தான். (கொட்டாஞ்சேனை)

இடத்தைத் தெரிவு செய்வதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. மலைநாட்டில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மழைக்காலம் வருவதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் கொட்டும்: கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், நல்லதண்ணி எல்லாம் நனைந்து கிடக்கும். அதே காலத்தில் மலைக்கு மறுபுறமுள்ள ஊவா காய்ந்திருக்கும். ஆகவே ஓகஸ்டில் பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்லப் பக்கம் போங்கள். டிசம்பரில் நிலைமை தலைகீழ்: வடகீழ்ப் பருவக்காற்று பதுளையையும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்கையும் பிடித்துக்கொள்ளும். ஏப்ரலில் காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடி முழங்கும். பன்னிரண்டு மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்ட நேரம். அறைக்கும் வாகனம் நிறுத்தவும் அலைய வேண்டியிருக்கும்.

எந்த மாதமானாலும் புறப்படும் முன் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் அறிவிக்கிறது. போகவிருக்கும் பிரதேசத்துக்கு மஞ்சள் இருந்தாலே நான் பயணத்தைத் தள்ளிப்போடுவேன். முன்பணம் போனால் போகட்டும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, இலவச அம்பியூலன்ஸ் 1990. இரண்டையும் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு (World's End) என்ற பாறை விளிம்பு வரை ஐந்து வயதுப் பிள்ளை நடப்பாளா? (பம்பலப்பிட்டி, ஒரு தந்தை)

முழுச் சுற்று 9 கிலோமீற்றருக்கும் மேல். நன்றாக நடந்து பழகிய எட்டு வயதுப் பிள்ளைகள் முடிப்பார்கள். ஐந்து வயதுக்கு அது அதிகம்; பாதி வழியில் தோளில் ஏற்றவேண்டி வரும், கல்லும் பள்ளமுமான பாதையில் தோளில் பிள்ளையோடு தடுமாறுவது இருவருக்கும் ஆபத்து. சிறிய உலக முடிவு வரை போய், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். பெரிய உலக முடிவில் பாறை 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக விழுகிறது. அதற்குப் போனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையைப் பிடித்தபடி. இரண்டு பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கு அங்கே செல்லாது.

காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதனால் முதல்நாள் இரவே நுவரெலியாவிலோ பட்டிப்பொலையிலோ தங்கி, வாயில் திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். கொழும்பிலிருந்து நள்ளிரவில் புறப்பட்டு விடியற்காலையில் நேரே நடக்கத் தொடங்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை.

நுழைவாயிலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் தாளைக்கூட உரித்துவிடுவார்கள். வாழையிலையில் கட்டிய சோற்றுக்குத் தடையில்லை. வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் மனிதரை நெருங்கி வரும். பிஸ்கட் நீட்டாதீர்கள். பிள்ளை ஆசைப்பட்டாலும் கூடாது. அவை காட்டில் மேய்வதை மறந்து, குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் தின்னப் பழகிவிடுகின்றன.

மலைக்குப் போகும் வழியிலேயே மகன் வாந்தி எடுக்கிறான். (வத்தளை)

இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது சாதாரணம். வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். வளைவுகளில் கைப்பேசியைக் கையில் கொடுக்காதீர்கள். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கினிகத்தேனைப் பக்க வளைவுகளுக்கு முன்பே ஒருமுறை நிறுத்தி நடக்கவிடுங்கள். மருந்து வேண்டுமென்றால் வைத்தியரிடம் கேட்டு அளவு வாங்குங்கள்.

ஒன்பது மாதக் குழந்தையை முதுகில் சுமந்து நடக்கலாமா? (வெள்ளவத்தை, இளம் தம்பதி)

தலை உறுதியாக நின்று, தானாக உட்காரும் குழந்தையாக இருந்தால் சுமக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஏறுகிறவருக்கு வியர்க்கிறது, முதுகிலிருக்கும் குழந்தை அசையாமல் காற்றில் குளிர்ந்து போகிறது. உங்களுக்குச் சூடாக இருப்பதை வைத்துக் குழந்தைக்கு உடுத்தாதீர்கள். அரை மணிக்கொருமுறை கழுத்தின் பின்புறம் கைவைத்துப் பாருங்கள், பாதங்களைத் தேய்த்துவிடுங்கள். கொழும்பு 30 பாகையாக இருக்கும்போது, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 12 பாகை குறைவாக இருக்கும். உயரத்தால் வரும் நோயைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். நம் மலைகளில் நடந்து போகும் உயரத்துக்கு அது கவலைப்படும் அளவு இல்லை. குளிரும் ஈரமும்தான் நம் எதிரி.

அட்டைக்குப் பயந்து மனைவி வர மறுக்கிறாள். (பத்தரமுல்லை)

அவர் பயம் நியாயமானது, ஆனாலும் தீர்க்கக்கூடியது. காய்ந்த புல்வெளியில், வெயில் படும் தேயிலைச் சாலையில் அட்டை குறைவு. மழை விட்ட மறுநாள் உடவத்தகலை போன்ற நிழற்காட்டில் நிறைய இருக்கும். நீண்ட காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, சப்பாத்தின் மேல் ஈரச் சவர்க்காரத்தைக் கெட்டியாகப் பூசுங்கள். நின்று பேசுமிடத்தில்தான் அவை ஏறும்; நடந்துகொண்டே இருக்கும் காலில் ஏறுவது குறைவு.

கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மேல் உப்போ நெருப்போ வைக்க வேண்டாம். அது வயிற்றிலிருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடலாம். மெல்லிய முனைப் பக்கம் விரல் நகத்தைத் தோலோடு சேர்த்து வைத்துத் தள்ளினால் வழுக்கி விடுபடும். பிறகு தண்ணீரும் சவர்க்காரமும், மேலே ஒரு துணிக்கட்டு. இரத்தம் உறையாமலிருக்க அதன் உமிழ்நீரில் ஒரு பொருள் இருப்பதால் சிறிது நேரம் கசியும். பிள்ளைக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். காலுறையில் சிவப்பைக் கண்டு அலறும் பிள்ளைகளில் பலர் வலியால் அழுவதில்லை.

குளவிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகும் செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். மரத்திலோ பாறையிலோ கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள். கல் எறியும் விளையாட்டைக் கொழும்பிலேயே தடைசெய்துவிட்டு வாருங்கள். கலைந்துவிட்டால் பிள்ளையின் தலையையும் முகத்தையும் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், கையை வீசி விரட்ட வேண்டாம். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, மூச்சு இரைத்தாலோ, உதடு வீங்கினாலோ உடனே வைத்தியசாலை.

சிவனொளிபாதமலைக்கு ஆறு வயது மகனைக் கூட்டிப்போக மாமியார் விரும்புகிறார். (மட்டக்குளி)

2,243 மீற்றர், 5,000க்கும் மேற்பட்ட படிகள், அதிலும் இரவில். பக்தியோடு பிள்ளைகளைத் தூக்கிச் செல்லும் குடும்பங்களை நான் மதிக்கிறேன். இருந்தாலும் இரண்டு வருடம் பொறுங்கள். மாமியாரையும் மகனையும் சேர்த்து மகிழ்விக்க ஒரு வழி இருக்கிறது: சீதாஎலிய சீதை அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே ஹக்கலைத் தாவரவியல் பூங்காவில் காலாற நடக்கலாம். 1861இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய தோட்டம் அது. மேல்பகுதியில் காடும் குரங்குகளும் உண்டு.

நடுவழியில் பிள்ளை உட்கார்ந்து "இனி வரமாட்டேன்" என்றால்? (கிருலப்பனை)

நீங்களும் உட்காருங்கள். தண்ணீர், ஒரு கைப்பிடி கச்சான், ஒரு வாழைப்பழம். பெரும்பாலும் பசிதான் பேசுகிறது. பிறகு ஒரு வேலை கொடுங்கள்: முன்னால் நடந்து அடுத்த மைல்கல்லைக் கண்டுபிடிப்பது, பன்னம் என்ற பெரணிச் செடியின் இலையடியில் இருக்கும் வித்திப் புள்ளிகளை எண்ணுவது. அதற்கும் அசையாவிட்டால் திரும்புங்கள். உச்சியைக் காட்டி ஆசை காட்டுவதோ அதட்டுவதோ வேண்டாம். இழுத்துக்கொண்டு உச்சிக்குப் போன பிள்ளை அடுத்த விடுமுறையில் மலை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டால் மலையில் கணவன் மனைவி சண்டையும் வராது.

இதற்காகத்தான் லிப்டன்ஸ் சீட் (Lipton's Seat) என்ற காட்சிமுனையை நான் பலருக்கும் சொல்கிறேன். ஹப்புத்தளையில் தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து உச்சி வரை 7 கிலோமீற்றர், ஓட்டோவிலேயே ஏறிவிடலாம். காலையில் காட்சியைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு முடிந்த தூரம் மட்டும் இறக்கத்தில் நடந்து வாருங்கள். ஓட்டோ கொஞ்சம் கீழே காத்திருக்கட்டும்.

அந்தச் சாலை பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் சாலை, பெண்கள் கொழுந்துக் கூடையோடு நிறுவைக்கு ஓடும் சாலை. வழிவிட்டு நில்லுங்கள். கேட்காமல் படமெடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்குத் தமிழ் தெரியும். "வணக்கம் அக்கா" என்று சொல்லப் பழக்குங்கள். அதன் பிறகு கிடைக்கும் பேச்சை எந்த வழிகாட்டியும் தரமாட்டார்.

மலைக்குப் போகும் முன் கொழும்பிலேயே பழக்க முடியுமா? (நாரஹேன்பிட்டி)

முடியும். தலவத்துகொட தியசரு பூங்கா, பெத்தகான சதுப்புநிலப் பூங்கா, தலங்கம ஏரிக்கரை. புதிய சப்பாத்தை இங்கே போட்டு நடக்க வையுங்கள். மலையில் முதல்முறை போட்டால் குதிகால் கொப்புளித்துவிடும்.

வெட்கத்தோடு கேட்கிறேன், வழியில் கழிப்பறை? (பெயர் வேண்டாம் என்ற தாய்)

வெட்கப்பட ஒன்றுமில்லை, நடையின் பாதித் திட்டம் அதுதான். தொடங்குமிடத்துக் கடையில் ஒரு தேநீர் குடித்து, கடைக்காரரிடம் கேட்டுப் போகச் சொல்லுங்கள். பாதை ஏறிய பின் வசதி கிடைப்பது அரிது. ஒரு சிறிய தோட்டக் கரண்டி, தண்ணீர், மாற்றுடை ஒன்று, அழுக்கை எடுத்துவர மூடியுள்ள டப்பா ஒன்று கொண்டு போங்கள். நீரோடையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போகவேண்டும், ஏனென்றால் கீழே தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளில் இருப்பவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.